பத்தியம் இருக்கீகளான்னு கேட்டு ஒரு ரவுண்டு

ஃபாரின் போயிட்டு வந்தவன் தான் பயணக் கட்டுரை எழுதணும்னா நான் எழுதக் கூடாது. என்கிட்ட பாஸ்போர்ட்டே கெடையாது. ஆனா நாலாம் நாளு போடி மலை மெட்டு ஏறி கேரளாவுக்குள்ள போனேன். அங்கன போர்டு ஒண்ணும் படிக்க முடியல, டீயில பாலு இல்ல, ஆளுக வேட்டிய மடிச்சுக் கட்டுற விதமே வேற. ஃபாரினுக்கு இதுக்கு மேல என்னய்யா வேணும்?

நான் தேனியில ஒரு செல்போன் சர்வீஸ் கடையில வேலை பாக்குறேன். பன்னெண்டாப்புல கெமிஸ்ட்ரி என்னைய ரெண்டு தடவ தோக்கடிச்சுச்சு. மூணாவது தடவ அதுக்கு நான் சான்ஸே குடுக்கல. அந்தக் கடைக்கு டிஸ்ப்ளே மாத்த வந்தவுக தான் டாக்டர் கீர்த்தனா. கோயம்புத்தூர்க்காரவுக. ஆஸ்பத்திரியில சுகர் மாத்திரை வாங்குற ஆளுக, அதோட சேத்து வேற என்னென்ன திங்கிறாக, வேரா, பொடியா, கசாயமான்னு கேட்டு எழுதுற ஆராய்ச்சி. ஊரு வழி தெரிஞ்ச ஆளு வேணும்னாக. எங்க ஓனரு யோசிக்கவே இல்ல, என்னையத் தான் கை காட்டுனாரு. “இவன் கடையில இருக்கிறத விட ரோட்டுல இருக்கிறது தான் ஜாஸ்தி, கூட்டிட்டுப் போங்கம்மா.”

நான் சரின்னதுக்கு வேற காரணம் இருக்கு. அதுக்கு மொத நாளு தான் தேவாரத்துல இருந்து எங்க அத்தை போன் போட்டாக. “சுரேசு, உங்க மாமா ரெண்டு தடவ வண்டியிலயே மயங்கிட்டாக. வேர்த்து ஊத்துது, கண்ணு சொருகுது, கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாக.” ராசு மாமா, எங்கம்மா கூடப் பொறந்தவுக. தெனமும் காலையில ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டுறாக. பின்னால பன்னெண்டு பொம்பளையாளுக. வளைவு வளைவா மலை ரோடு. ஆஸ்பத்திரியில சுகர் மாத்திரை மட்டும் தான், மத்தபடி நல்லா இருக்காகன்னு சொல்லிட்டாகளாம். நல்லா இருக்கிற ஆளு எதுக்கு ஸ்டியரிங்குல தூங்குறாக? இத கண்டுபிடிக்காம ஊரு திரும்புறதில்லைன்னு நெனச்சுக்கிட்டுத் தான் டாக்டரம்மா ஸ்கூட்டரோட சாவிய வாங்குனேன்.

மொத நாளு ஓடைப்பட்டி. ஃபாரத்துல ஒரு கேள்வி இருந்துச்சு: ‘வேறு ஏதேனும் மாற்று மருத்துவ முறை மருந்துகளை உட்கொள்கிறீர்களா?’ மொத வீட்டுல அத அப்படியே வாசிச்சேன். அந்தம்மா கோர்ட்டு நோட்டீஸ் வந்த மாதிரி பாத்துட்டு, “எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லப்பா”ன்னு கதவச் சாத்திருச்சு.

ரெண்டாவது வீட்டுல நான் கேள்விய லேசாக்குனேன். அங்கன தான் புத்தி எடறிருச்சு. வாசல்ல துணி தொவச்சுக்கிட்டிருந்த அக்காகிட்ட, “உங்க வீட்டுக்காரரு மருந்து குடிக்கிறாகளா?”ன்னு கேட்டுட்டேன்.

திராட்சத் தோட்டத்து ஊருல மருந்துன்னா கொடிக்கு அடிக்கிறது. டிரம்முல கலக்கி ஸ்பிரேயர்ல ஏத்துறது. அத ஒருத்தன் குடிச்சான்னா அடுத்து சங்கு தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாயி முந்திருச்சு.

“எந்தச் சண்டாளன்டா ஒன்னைய அனுப்புனது? எம்புருசன் மருந்து குடிச்சானாமா? ஏலே, கல்லு மாதிரி தோட்டத்துல நிக்கிறாருடா, போயிப் பாரு!” அந்தக்கா கையில இருந்த ஈரத்துணி என் காதுல பட்டுச்சு. பக்கத்து வீட்டுல பாதிய மட்டும் கேட்ட ஒரு புண்ணியவதி தோட்டத்துப் பக்கம் ஓடுனா. கொஞ்ச நேரத்துல முதுகுல ஸ்பிரேயர் டேங்க்கோட ஒரு ஆளு தலதெறிக்க ஓடி வந்தாரு.

“யாரு? யாரு மருந்தக் குடிச்சது?”

“நீங்க தான்ணே”ன்னேன்.

தெருவே சிரிச்சுருச்சு. அந்தக்காவும் சிரிச்சுட்டு, சிரிச்சதுக்காக இன்னொரு தடவ திட்டுச்சு. போகும்போது பன்னீர் திராட்ச ஒரு கொத்து குடுத்துச்சு. டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒண்ணும் புரியல. மத்த வீடுகளையும் முடிச்சுட்டு ஸ்கூட்டர்ல போகும்போது சொன்னேன். கொஞ்ச தூரம் போயி, “நிறுத்துங்க”ன்னாக. எறங்கி, அன்னிக்கு எழுதுன ஃபாரம் அம்புட்டையும் புரட்டிப் பாத்தாக. எல்லாத்துலயும் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’.

“எல்லாரும் பொய் சொல்றாங்களா சுரேஷ்?”

“இல்லைங்கம்மா. நீங்க கேக்குற மருந்து வேற, அவுக வீட்டுல இருக்கிற மருந்து வேற.”

மறுநாளு ஜெயமங்கலம். வழியில பின் டயரு பஞ்சரு. பஞ்சர்க் கடைக்காரரு டாக்டர்னு தெரிஞ்சதும் டியூப்ப தண்ணியில முக்கிக்கிட்டே தன்னோட முட்டுவலிய முழுசாச் சொன்னாரு. டியூப்புல ஒரு ஓட்ட, அவரு ஒடம்புல ஒம்பது.

அங்கன சூசையம்மா டீச்சரு வீடு. வீட்டுக்காரரு அந்தோணி அண்ணன், வாழையும் தென்னையும் வச்சிருக்காரு, சுகரு ரொம்ப நாளா. டீச்சரு கண்டிசனாச் சொன்னாக. “ஆஸ்பத்திரி மாத்திரை தவிர எதையும் தொட விடமாட்டேன். படிச்ச குடும்பம் தம்பி நாங்க.” டாக்டரம்மா ‘இல்லை’ல டிக் போட்டாக. நேரமாச்சு, சாப்ட்டுப் போங்கன்னாக. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள உக்காந்துட்டேன்.

கத்திரிக்காப் புளிக்கொழம்பு, வறுத்த கருவாடு. எனக்கு ரெண்டாந்தடவ சோறு விழுகையில தான் பாக்குறேன், அந்தோணி அண்ணன் தட்டுல மோருஞ்சோறும் சுட்ட அப்பளமும் மட்டும் இருக்கு. கருவாடு பக்கமே அவரு கண்ணு போகல. இல்ல, போயிப் போயித் திரும்புச்சு.

“என்னண்ணே, கோவமா அண்ணியோட?”

“அட ஏன்டா தம்பி, பத்தியம்.”

எனக்குள்ள பல்பு எரிஞ்சுச்சு. “மாத்திரைக்கு ஏதுண்ணே பத்தியம்? யாரு வச்ச பத்தியம் இது?”

அவரு டீச்சரப் பாத்தாரு. டீச்சரு ரசச் சட்டியப் பாத்தாக. அப்புறம் மெதுவா, “அது மருந்தில்ல தம்பி. வெறும் பொடி”ன்னு அலமாரியில இருந்து ஒரு பூஸ்ட் டப்பாவ எடுத்தாக. டாக்டரம்மா கோபப்படல. “நான் யாரையும் நிறுத்தச் சொல்ல வரலைங்க. எது எதோட சேருது, எது சேராதுன்னு பாக்கோணும். அதுக்கு மொதல்ல உள்ள என்ன போகுதுன்னு தெரியோணும்ல?” டீச்சரு ஒடனே பேரு, அளவு, எந்த நேரம், எல்லாத்தையும் கரும்பலகையில எழுதுற மாதிரி வரிசையாச் சொன்னாக.

அன்னிக்கு சாயந்தரம் அதே தெருவுல வேற கேள்வி கேட்டோம். “பத்தியம் இருக்கீகளா?” அவ்வளவு தான். மருந்து திங்கிறேன்னு ஒருத்தரும் ஒத்துக்கிற மாட்டாக. ஆனா பத்தியத்தப் பத்தி பொலம்பச் சொன்னா விடிய விடியப் பொலம்புவாக. “அத ஏன்பா கேக்குற, கோழி தின்னு நாப்பது நாளாச்சு.” “பாவக்கா கூடாதாம், அகத்திக்கீரை கூடாதாம், பின்ன என்னத்தத் திங்கிறது, மண்ணையா?” ஒவ்வொரு பொலம்பலுக்குப் பின்னாலயும் ஒரு டப்பா வந்துச்சு. டாக்டரம்மா பேனாவுல மை தீந்துருச்சு.

எனக்கு ஒரே நெனப்பு தான். நாளைக்கு எங்க மாமா தட்டப் பாக்கணும்.

மூணாம் நாளு மத்தியானம் தேவாரம். மருமகன் வாரான்னு அத்தை கோழி அடிச்சிருந்தாக. தெரு முனையிலயே மசாலா வாசம். மாமா எங்களுக்கு எல வாங்கப் போனாக, வந்தாக, டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொன்னாக, தன்னோட ஜீப்பப் பத்தி பெருமையா அரை மணி நேரம் பேசுனாக. சாப்பிட உக்காந்தா அவுக முன்னால மட்டும் ஒரு கிண்ணத்துல கஞ்சி. தொட்டுக்க உப்பு. எங்க மாமா யாரு தெரியுமா? கல்யாண வீட்டுல மூணாவது பந்தியிலயும் எல போட்டு உக்காருறவுக.

“மாமா, பத்தியம் இருக்கீகளா?”

கஞ்சி கையில நின்னுருச்சு. “ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“யாரு குடுத்த பொடி?”

“ஏலே, சாப்புடவிடுடா.”

டாக்டரம்மா பதமாக் கேட்டாக. “என்ன பொடின்னு மட்டும் சொல்லுங்க. மயக்கத்துக்கு அது காரணமா இருக்கலாம்.”

“பேரச் சொல்லக் கூடாதும்மா. சொன்னா பலிக்காது.” எங்க பக்கம் இது பெரிய நம்பிக்கை. வேரோட பேர வெளிய சொன்னா அதோட சக்தி போயிரும்பாக. அத்தை அழுதுக்கிட்டே டப்பாவ எடுத்துக் காட்டுனாக. பச்சப் பொடி. மோந்து பாத்தா காஞ்ச எல வாசம். மேல பேரு இல்ல, ஊரு இல்ல.

“எங்கன வாங்குனீக மாமா?”

“மெட்டுக்கு அங்கிட்டு. ஒரு வைத்தியரு.”

“ஆஸ்பத்திரியில இத சொன்னீகளா?”

“அங்கன எதுக்குச் சொல்லணும்? திட்டுவாக.”

“வைத்தியருகிட்ட மாத்திரையச் சொன்னீகளா?”

“அவரும் திட்டுவாருல்ல?”

எங்க மாமா ரெண்டு பேரையும் ஏமாத்தி, நடுவுல தன்னையும் சேத்து ஏமாத்திக்கிட்டாக. டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாக, சரியாகிற வரைக்கும் வண்டி எடுக்க வேண்டாம்னு. மாமா தலைய ஆட்டுனாக.

ராத்திரி நாங்க அங்கனயே தங்குனோம். காலையில ஆறு மணிக்கு ஜீப்பு ஹாரன் கேக்குது. ஓடிப்போய்ப் பாத்தா மாமா ஸ்டியரிங்குல, பின்னால பொம்பளையாளுக ஏறிக்கிட்டிருக்காக. சாவியக் குடுங்க மாமான்னேன். “ஒன் கையில குடுத்தா பன்னெண்டு பேரும் பள்ளத்துல தான். போடா.” அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி மாதிரி பேச்சியம்மாக்கா. அவுககிட்ட விசயத்தச் சொல்லி எறங்கச் சொன்னேன். “எறங்குனா இன்னிக்கு வேலை யாரு குடுப்பா, ஒங்கப்பனா? ராசு அண்ணன் வண்டியில பதினஞ்சு வருசமாப் போறோம். தள்ளு அங்கிட்டு.” சரி, எறங்க மாட்டாகன்னா நான் ஏறுறேன்னு, முன்னால மாமாவுக்கும், எனக்கு முந்தியே ஓடி வந்து ஏறியிருந்த டாக்டரம்மாவுக்கும் நடுவுல போயி நசுங்கி உக்காந்தேன். டாக்டரம்மா மடியில சுகர் பாக்குற மெஷின வச்சுக்கிட்டாக.

போடி தாண்டி மலை ஏறுற வரைக்கும் மாமா நல்லாத் தான் இருந்தாக. என்னைய கேலி கூடப் பண்ணாக. எத்தனாவது வளைவுன்னு தெரியல, பேச்சு கொறஞ்சுச்சு. காலைக் காத்து ஜில்லுன்னு அடிக்குது, அவுக சட்ட முதுகோட ஒட்டிப்போச்சு.

“மாமா?”

“ம்.”

“இது எந்த ஊரு மாமா?”

“சின்னமனூரு”ன்னாக.

சின்னமனூரு மலைக்குக் கீழ கெடக்குற ஊரு. டாக்டரம்மா, “வண்டிய ஓரங்கட்டுங்க”ன்னு கத்துறாக, மாமா காதுல விழுகல. நான் ஸ்டியரிங்க ஒரு கையால மலைப் பக்கமா இழுத்து, அவுக காலுக்கு மேல என் கால வச்சு பிரேக்க அமுக்குனேன். எஞ்சின் செத்து நின்னுச்சு. நின்னுச்சா? இல்ல, பின்னால நகருது. “கட்ட போடுங்க!”ன்னு கத்துனேன். அதுக்கு முன்னாலயே பேச்சியம்மாக்கா குதிச்சு, பெஞ்சுக்கு அடியில கெடந்த மரக்கட்டைய டயருக்குக் கீழ சொருகிட்டாக. டொக்குன்னு நின்னுச்சு.

மாமா வெரல்ல குத்தி, மெஷின் நம்பரப் பாத்ததும் டாக்டரம்மா, “சீனி, யாருகிட்டயாவது சீனி”ன்னாக. பன்னெண்டு தூக்குப்போசியும் தொறந்துச்சு. கருப்பட்டி வந்துச்சு, கடலமுட்டாயி வந்துச்சு, ஒரு பொண்ணு பிளாஸ்க்குல இருந்து சுடுதண்ணி ஊத்தி ஒரு கை சீனியக் கரைச்சுக் குடுத்துச்சு. முழுங்குற தெம்பு இருக்கான்னு பாத்துட்டு டாக்டரம்மா அத கொஞ்சங் கொஞ்சமாக் குடிக்க வச்சாக. கால் மணி நேரம் கழிச்சு மாமா கண்ணத் தொறந்து எல்லாரையும் பாத்தாக.

“என்ன, எல்லாரும் எறங்கி நிக்கிறீக?”

யாரும் சிரிக்கல. பேச்சியம்மாக்கா கிட்ட வந்தாக. “எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்குண்ணே.” மாமா சாவிய எடுத்து என் கையில வச்சாக.

நான் ஓட்டுனேன். ஒத்துக்கிறேன், கட்ட வண்டி வேகம் தான். தோட்டத்துல ஆளுகள எறக்கிட்டு, மாமா வழி சொல்லச் சொல்ல வைத்தியரு வீட்டுக்குப் போனோம். வழியில ஒரு கடையில கப்பையும், அதான் மரவள்ளிக் கெழங்கு, மீன் கறியும். எங்க ஊரு சால்னாவுக்கு அது சித்தப்பன் முறை வரும். காரம் கம்மி, புளிப்பு ஜாஸ்தி. நான் ரெண்டு தட்டு தின்னேன். ஒரு உயிரக் காப்பாத்துனவனுக்குப் பசிக்காதா?

வைத்தியரு அறுவது வயசு ஆளு. பேச்சு மலையாளம். மாமாவுக்கு நல்லாப் புரியும், எனக்கு அரை புரியும், இங்க எழுதுறது என் அரையும் மாமாவோட முழுசும் சேந்தது. டாக்டரம்மா ஆஸ்பத்திரிச் சீட்டக் காட்டுனாக. அவரு கண்ணாடியப் போட்டு வாசிச்சுட்டு, மாமாவ ஒரு பார்வை பாத்தாரு.

“இங்கிலீஷ் மருந்து சாப்பிடுறியான்னு நான் கேட்டேனா இல்லையா?”

“கேட்டீக.”

“என்ன சொன்ன?”

“நிறுத்திட்டேன்னு.”

“நான் எதுக்குக் கேட்டேன்? பொழுது போகாமயா? ரெண்டும் சேந்தா சர்க்கரை தரைக்கு எறங்கும். அது எனக்குத் தெரியும், இந்த டாக்டருக்கும் தெரியும். ஒனக்கு மட்டும் தான் தெரியல.”

டாக்டரம்மா பொடியோட பேரக் கேட்டாக. நான் நெனச்சேன், இப்ப இவரும் பலிக்காதும்பாருன்னு. அவரு சிரிச்சாரு. “பேரச் சொல்லாதேன்னு எங்கப்பா சொன்னது சக்தி போயிரும்னு இல்ல. பக்கத்துத் தெருக்காரன் கேட்டுட்டுப் போயி கடை போட்டுருவான். அதுக்குத் தான்.” வேலியில ஒரு கொடியக் காட்டுனாரு. “சக்கரக்கொல்லி. உங்க பாஷையில சிறுகுறிஞ்சான்.”

ஒரு எலையப் பறிச்சு என்கிட்ட குடுத்து மெல்லச் சொன்னாரு. கசப்பு. அப்புறம் ஒரு கரண்டி சீனி வாயில போடச் சொன்னாரு. போட்டேன். ஆத்து மணலு. இனிப்புங்கிறதே இல்ல. “அய்யா, என் நாக்கக் கொன்னுட்டீகளே!”ன்னு கத்துனேன். டாக்டரம்மா மொத தடவ வாய்விட்டுச் சிரிச்சாக. தானும் ஒரு எல மென்னாக, சீனி தின்னாக, மூஞ்சிய சுளிச்சாக, ஒடனே நோட்ட எடுத்தாக. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுனாக. ஒருத்தரு ஒருத்தர விட்டுக்குடுக்கல. சில எடத்துல சண்டை மாதிரி இருந்துச்சு. ஆனா ரெண்டு பேருமே கேள்வி கேட்டுக்கிட்டாக, அது தான் எனக்கு ஆச்சரியம். கடைசியில வைத்தியரே சொன்னாரு, இப்போதைக்குப் பொடி வேணாம், மாத்திரையோட இரு, தெனம் சுகரு பாத்து எழுது, சேக்குறதா இருந்தா நாங்க ரெண்டு பேரும் பேசிச் சேக்குறோம்னு. டாக்டரம்மாகிட்ட தன் போன் நம்பரக் குடுத்தாரு.

மறுநாளு மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கன டாக்டரு சீட்டு எழுதிக்கிட்டே வழக்கம் போல கேட்டாரு. “வேற எதுவும் மருந்து எடுக்குறீங்களா?”

“இல்ல சார்”ன்னாக மாமா.

சத்தியமாச் சொல்றேன், மேசை மேலயே அடிச்சேன். “மாமா!”

மாமா முழிச்சாக. வரிசையில நிக்கிறவுகளத் திரும்பிப் பாத்தாக. தொண்டையச் செருமிக்கிட்டு, ஊருக்கே கேக்குற மாதிரி, “சிறுகுறிஞ்சான் பொடி. ரெண்டு வேளை. பத்தியமும் இருந்தேன். சொன்னா திட்டுவீகன்னு சொல்லல”ன்னாக. அந்த டாக்டரு திட்டல. எழுதுனாரு. சுகரு நெலையா நிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதுன்னும் எழுதுனாரு.

அது வரைக்கும் வண்டி சும்மா நின்னா பன்னெண்டு வீட்டுக்கும் கஷ்டம். ஓனருகிட்ட லீவு சொல்லிட்டு நான் ஓட்டுறதுன்னு முடிவாச்சு. வீட்டுல உக்காந்திருக்க முடியாதுன்னு மாமாவும் வந்தாக. முன் சீட்டு டாக்டரம்மாவுக்கு, தோட்டத்து ஆளுகளையும் கேக்கணும்னு வந்திருந்தாக. அதனால மாமா பின்னால, பெஞ்சுல, பொம்பளையாளுகளுக்கு நடுவுல.

“ஏண்டா, இம்புட்டு ஆட்டமா ஆடும் இங்கன?”

“பதினஞ்சு வருசமா ஆடுது”ன்னாக பேச்சியம்மாக்கா. “இப்பத் தான் கேக்குறீக.”

மொத வளைவு வந்துச்சு. கண்ணாடியில பாக்குறேன். பொம்பளையாளுக ஒருத்தருக்கொருத்தர் கையப் புடிச்சுக்கிட்டாக, பேச்ச நிறுத்தாமயே, பழக்கத்துல. ஒரு சங்கிலி மாதிரி, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும். மாமா வண்டி தான் அது, மாமா ஓட்டுன வளைவு தான், ஆனா அவுக இத இன்னைக்குத் தான் பாக்குறாக. நடுவுல அவுக உக்காந்திருந்த எடத்துல மட்டும் சங்கிலி அந்து கெடந்துச்சு.

பேச்சியம்மாக்கா கைய நீட்டுனாக. “புடிங்கண்ணே, அடுத்தது பெரிய வளைவு.”

மாமா புடிச்சாக. நான் கியரக் கொறச்சேன்.